விளக்கைக் கடைசியில் பாருங்கள்: சேபர் நடுவராக நின்று கற்றவை

வாள்வீச்சின் மூன்று வகைகளில் ஒன்றான சேபரில், அடி பட்டதைக் காட்டும் இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தால் இரண்டு பேரும் ஜெயித்ததுபோலக் கத்துவார்கள். முகமூடிக்குள்ளிருந்து வரும் அலறல், மடக்கிய முஷ்டி, புள்ளி தனக்குத்தான் என்று தன் கோட்டை நோக்கித் திரும்பி நடக்கும் அந்த மிடுக்கு, எல்லாமே நடுவரை நோக்கித்தான். பாதி நிஜ உணர்ச்சி, பாதி விளம்பரம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்தப் பயிற்சியாளரும் "அமைதியாக நில், நடுவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

உள்ளூர்ப் போட்டிகளிலும் இளையோர் போட்டிகளிலும் நடுவராக நிற்கிறேன். ஆரம்பத்தில் என் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்த மூத்த நடுவர் ஒருவர் இரண்டே கேள்விதான் கேட்பார். "என்ன பார்த்தே?" என்பது முதல் கேள்வி. பதில் சொன்னதும், "இதை விளக்கு எரியறதுக்கு முன்னாடி பார்த்தியா, எரிஞ்ச பிறகு பார்த்தியா?" என்பார். முன்னுரிமை (இருவரும் அடித்திருந்தால் யாருடைய அடி செல்லும் என்பது), டைமிங் என்று பிஸ்டில் (ஆட்டம் நடக்கும் நீண்ட தளத்தில்) நடக்கும் தகராறுகளில் பெரும்பகுதி அந்த இரண்டாவது கேள்வியில் அடங்கிவிடுகிறது. விளக்கைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கதையைப் பின்னாலிருந்து கட்டுகிற பழக்கம் வந்துவிட்டால், அந்த நடுவரின் எந்த முடிவும் எந்த விளையாட்டு வீரருக்கும் புரியாது. அவருக்கே புரியாது.

விளக்குப் பெட்டிக்கு என்ன தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: வாள் இலக்கைத் தொட்டதா, இல்லையா. ஒருவர் தொட்ட பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் மற்றவரும் தொட்டால் இரண்டு விளக்கு. அந்த நேரம் கடந்துவிட்டால் இரண்டாமவரின் பக்கம் பூட்டிக்கொள்ளும், ஒரு விளக்குதான். சேபரில் இன்று அந்த இடைவெளி 170 மில்லி விநாடி. ஃபாயில் என்ற இன்னொரு வகையில் 300. மூன்றாவது வகையான எப்பேயில் 40 முதல் 50 வரைதான், ஏனென்றால் அங்கே முன்னுரிமை என்ற பேச்சே இல்லை. யார் முன்னால் தொட்டாலும் அவருக்குப் புள்ளி, சேர்ந்து தொட்டால் இருவருக்கும் புள்ளி.

சேபரின் இந்த எண் அடிக்கடி மாறியிருக்கிறது. முன்பு 300-க்கு மேல் இருந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு 120 ஆகக் குறைத்தார்கள். 2016 ரியோவுக்குப் பிறகு 170 ஆக்கினார்கள். 50 மில்லி விநாடி ஒரு பெரிய விஷயமா என்று கேட்டால், ஆமாம், பெரிய விஷயம்தான். 120 இருந்த காலத்தில் ஒருவர் அழகாகத் தடுத்துத் திருப்பி அடித்தாலும், தடுக்கப்பட்டவர் வாளை அப்படியே விடாமல் இன்னொரு முறை தட்டிவிட்டால் அந்தத் தட்டல் முதலில் போய் விழுந்து, திருப்பி அடித்தவரின் விளக்கையே பூட்டிவிடும். நடுவருக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. விளக்கு இல்லையென்றால் புள்ளி இல்லை. 170 வந்த பிறகு அந்த மாதிரி இடங்களில் இரண்டு விளக்கும் எரிகிறது, முடிவு நம் தலையில் விழுகிறது. அதாவது பெட்டி கொஞ்சம் பொறுமையானதால் நடுவரின் வேலை கூடிவிட்டது.

"நான்தான் சார் முன்னாடி அடிச்சேன்!" என்று ஓடி வருகிற புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: யார் முன்னால் அடித்தார் என்பது இங்கே கேள்வியே இல்லை. இரண்டு விளக்கும் எரிந்துவிட்டதென்றால், முன்னால் பின்னால் என்ற வித்தியாசத்தைப் பெட்டி மன்னித்துவிட்டது என்று அர்த்தம். இப்போது மிச்சமிருப்பது, தாக்கும் உரிமை யாரிடம் இருந்தது, அது கை மாறியதா என்பதுதான். இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது யார் பேச்சு நடந்துகொண்டிருந்தது, யார் குறுக்கே புகுந்தார் என்று பார்க்கிற மாதிரிதான். யார் குரல் பலமாகக் கேட்டது என்பதல்ல.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? வீரர்கள் தொடங்குவதற்கு நிற்கும் ஆன் கார்ட் கோடுகள் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 2 மீட்டர். நடுவில் 4 மீட்டர். சேபர் ஆட்டத்தின் கணிசமான புள்ளிகள் இந்த 4 மீட்டருக்குள், நடுவர் "ஆலே" (தொடங்கு) சொல்லி ஒரு விநாடி ஆவதற்குள் முடிந்துவிடும். இந்த இடத்தில் வாள் நுனியைத் துரத்திக்கொண்டு கண்ணை ஓட்டினால் ஒன்றும் தெரியாது. நான் இருவருக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் பார்வையைத் தளர்வாக விட்டுவிடுவேன். இரண்டு பேரின் ஆயுதக் கையும் முன் காலும் பார்வையின் இரு ஓரத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிஸ்டிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். புதிய நடுவர்கள் பலர் ஆர்வத்தில் கிட்டே போய் நின்றுகொண்டு, ஒருவரைப் பார்க்கத் தலையைத் திருப்பி மற்றவரைத் தவறவிடுகிறார்கள். பின்னால் இரண்டு எட்டு வைத்தாலே பாதித் தகராறு குறையும்.

விதியில் தாக்குதல் என்பதற்குத் தெளிவான வரையறை உண்டு. கை நீளத் தொடங்க வேண்டும், வாள் எதிராளியின் இலக்கை அச்சுறுத்திக்கொண்டே இருக்க வேண்டும், கை நீளத் தொடங்குவது லஞ்சுக்கு (முன் காலை நீட்டிப் பாய்வதற்கு) முந்த வேண்டும், அடி கடைசிபட்சம் முன் கால் தரையில் விழும்போதாவது போய்ச் சேர வேண்டும். இந்தக் கடைசி வாக்கியம் நடுவருக்குக் கிடைத்த வரம். முன் கால் விழும் சத்தம் காதுக்குக் கேட்கும். கால் 'தப்' என்று விழுந்த பிறகு வாள் தனியாக வந்து விழுந்தால், அது தாமதமான தாக்குதல். கண் தவறவிடுவதைப் பல நேரம் காது பிடித்துக்கொள்ளும்.

ஒரு புள்ளியை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். இளையோர் போட்டி ஒன்று. இடப்பக்கம் உயரமான பெண், வலப்பக்கம் குள்ளமான, வேகமான பெண். ஆலே. இருவரும் முதல் எட்டை ஒரே கணத்தில் வைத்தார்கள். இரண்டாவது எட்டில் உயரமானவளின் கால் முன்னேறியது. ஆனால் கை தலையில் வெட்டுவதற்காகத் தோளுக்கு அருகே பின்னால் இழுபட்டது. முழங்கை மடங்கி, வாள் மேலே நின்றது. அந்த நேரத்தில் குள்ளமானவளின் கை மணிக்கட்டிலிருந்து நேராகப் புறப்பட்டுவிட்டது, பின்னாலேயே லஞ்ச். அவள் கால் விழுந்ததும் வாள் எதிராளியின் முகமூடியில் விழுந்ததும் ஒரே சத்தம். உயரமானவளின் வெட்டு அடுத்த இமைப்பில் குள்ளமானவளின் விலாவில் இறங்கியது. இரண்டு விளக்கு. உயரமானவள் கத்திய கத்தலில் பக்கத்துப் பிஸ்டில்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வலப்பக்கத்துக்குப் புள்ளி கொடுத்தேன். உயரமானவள் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "சார், நான்தானே முன்னாடி போய்க்கிட்டே இருந்தேன்? நிக்கவே இல்லையே?"

"கால் நிக்கலைமா. கை பின்னாடி போச்சு. அது தயாரிப்பு. அந்த நேரத்தில் அவங்க தாக்கிட்டாங்க."

அவள் ஒரு நிமிடம் யோசித்துத் தன் கையைத் தானே இழுத்துப் பார்த்துக்கொண்டு போனாள். நான் "வலப்பக்கம் தாக்குதல்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த யோசனை வந்திருக்காது, அடுத்த புள்ளிக்கும் அதே சண்டை வந்திருக்கும். முன்னால் நடப்பது தாக்குதல் அல்ல. இது சேபர் ஆடுகிற பாதிப் பேருக்கு மனதில் ஒட்டாத விஷயம். சத்தமாக, வேகமாக, தைரியமாக முன்னேறினால் உரிமை தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது.

இதே நடு 4 மீட்டரில் இருவரும் ஒன்றுபோலவே கிளம்பி, ஒன்றுபோலவே கை நீட்டி, ஒன்றுபோலவே அடித்தால் அது சைமல். யாருக்கும் புள்ளி இல்லை, திரும்ப வந்து கோட்டில் நிற்க வேண்டும். சில நடுவர்கள் சைமல் கொடுக்கக் கூச்சப்படுகிறார்கள். முடிவெடுக்கத் தெரியாதவர் என்று பார்வையாளர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற பயம். என் கட்சி வேறு. நான் பார்த்தது சமம் என்றால் சமம். நான் பார்க்கவே இல்லை என்றாலும் அப்படித்தான்: தீர்மானிக்க முடியவில்லை என்று சொல்லி ஆன் கார்டுக்கு அனுப்ப விதியே இடம் கொடுக்கிறது. ஒரு புள்ளியை யாருக்கும் கொடுக்காமல் விடுவதால் யாருக்கும் அநியாயமில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிக் கொடுத்தால் ஒருவருக்கு நிச்சயம் அநியாயம்.

ஆட்டம் நடுவிலிருந்து நகர்ந்து, ஒருவர் துரத்த இன்னொருவர் பின்வாங்கும் நீண்ட ஓட்டமாக மாறும்போது கேள்வியும் மாறுகிறது. இங்கே யார் தொடங்கினார் என்று தேடுவது வீண். அது ஊருக்கே தெரியும், துரத்துகிறவர்தான். தேட வேண்டியது, அவர் எங்கே உரிமையைத் தொலைத்தார் என்பதை. தொலைக்கும் வழிகள் சிலதான். கையைப் பின்னால் இழுத்துக்கொள்வது. நடு ஓட்டத்தில் கால் நின்றுபோவது. எதிராளியின் வாளைத் தட்டப் போய் வாள் கிடைக்காமல் காற்றைத் தட்டுவது. இது விதியிலேயே இருக்கிறது, வாளைத் தேடித் தவறினால் உரிமை அடுத்தவருக்குப் போய்விடும். லஞ்ச் போட்டும் எட்டாமல் விழுவது. இந்த நாலில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், பின்வாங்குகிறவர் எவ்வளவு அழகாகக் கையில் ஒரு வெட்டு வைத்திருந்தாலும், இரண்டு விளக்கும் எரிந்தால் புள்ளி துரத்தியவருக்குத்தான். கைவெட்டு செல்ல வேண்டுமென்றால் தாக்குகிறவரின் கடைசி அசைவு தொடங்குவதற்கு ஒரு டெம்போ (ஓர் அசைவுக்கான நேரம்) முன்னால் விழுந்திருக்க வேண்டும், அல்லது விழுந்த கையோடு அடுத்தவரின் வாளுக்கு எட்டாமல் தப்பித்து அவர் விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதுதான் நடைமுறையில் நம்பத்தகுந்த வழி. நடுவரை நம்பிக் கைவெட்டு வைக்காதீர்கள் என்று என்னிடம் கேட்கிற எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன்.

எட்டாமல் விழுந்த தாக்குதலுக்குப் பிறகு வரும் குழப்பம் தனி ரகம். "அட்டாக், நோ" (தாக்குதல் படவில்லை) என்று சொல்லிவிட்டோம். அடுத்து? பின்வாங்கியவர் உடனே கிளம்பியிருந்தால் உரிமை அவருடையது. அவர் ஒரு கணம் நின்று, தப்பித்த நிம்மதியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், முதலில் தாக்கியவர் எழுந்து மறுபடியும் தொடங்கிவிடலாம். பின்வாங்கியவருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "அவர் மிஸ் பண்ணிட்டார், அப்ப என் டர்ன்தானே?" என்பார்கள். டர்ன் கிடைத்தது, எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு கணத்தை நடுவர் பார்க்க வேண்டுமென்றால், எட்டாமல் விழுந்தவரின் அவஸ்தையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. லஞ்ச் விழுந்ததும் கண் பின்வாங்கியவரின் காலுக்குப் போக வேண்டும். அந்தக் கால் முன்னே வருகிறதா, இன்னும் பின்னே போகிறதா? அதிலேயே விடை இருக்கும்.

வாள் வாளோடு மோதும் இடங்களில்தான் குரல்கள் உயரும். தடுத்தேன் என்பார் ஒருவர், நான்தான் தட்டினேன் என்பார் இன்னொருவர். இருவருமே பொய் சொல்லவில்லை. இருவர் கையிலும் மோதலின் அதிர்வு இருந்திருக்கும். இங்கே விதி அருமையான ஓர் அளவுகோலைத் தருகிறது: மோதல் வாளின் எந்தப் பகுதியில் நடந்தது? தாக்குகிறவர் எதிராளியின் வாளை அதன் மேல் மூன்றில் இரண்டு பங்கில், அதாவது மெலிந்த பகுதியில் தட்டினால் அது சரியான தட்டல், தாக்குதல் தொடர்கிறது. பிடிக்கு அருகிலுள்ள கீழ் மூன்றில் ஒரு பங்கில் போய் மோதினால் அது தட்டல் அல்ல, எதிராளி தடுத்ததாகக் கணக்கு. அவருக்கு உடனே திருப்பி அடிக்கும் உரிமை.

விநாடியில் ஒரு துளி நேரத்தில் வாளின் எந்தப் பங்கு என்று யார் பார்க்க முடியும்? பெரும்பாலும் முடியாது. கேட்கலாம். மெலிந்த பகுதியில் பட்டால் மெல்லிய, சுருக்கமான 'டிக்'. பிடிக்கருகே, கவசத்தில் பட்டால் கனமான, கொஞ்சம் இழுபடும் சத்தம். பழகிய காதுக்கு இரண்டும் வேறு வேறு. அதோடு, மோதிய பிறகு யாருடைய வாள் தன் பாதையில் தொடர்ந்தது, யாருடையது வழி விலகியது என்று பாருங்கள். தாக்கியவரின் வாள் தடுப்பை உரசிக்கொண்டு நிற்காமல் உள்ளே போய் இலக்கில் விழுந்திருந்தால் தடுப்பு போதவில்லை, புள்ளி தாக்கியவருக்கு. தாக்கியவரின் வாள் நின்று, பிறகு வளைந்து இன்னொரு வழியில் போய் விழுந்திருந்தால் அது இரண்டாவது அடி. திருப்பி அடித்தவருக்குத்தான் உரிமை. மண்டபத்தில் பல பிஸ்டுகளில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும்போது பக்கத்துப் பிஸ்ட் சத்தம் நம் காதைக் கெடுக்கும். அந்த மாதிரி நாட்களில் தடுப்பு விஷயத்தில் நான் வழக்கத்தைவிடக் கண்ணையே அதிகம் நம்புகிறேன், 'தீர்மானிக்க முடியவில்லை' என்பதையும் வழக்கத்தைவிட அதிகம் சொல்கிறேன்.

நேரத் தகராறு என்றதும் வாள்வீச்சு பார்க்கிற பலருக்கு 2012 லண்டன் ஒலிம்பிக்தான் நினைவுக்கு வரும். பெண்கள் எப்பே அரையிறுதியில் தென் கொரியாவின் ஷின் ஆ-லாம், ஜெர்மனியின் பிரிட்டா ஹைடமானுக்கு எதிராக, கடிகாரத்தில் கடைசி ஒரு விநாடி நகரவே நகராமல் நின்றதால் தோற்று, முறையீடு முடியும்வரை பிஸ்டை விட்டு இறங்காமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். அது கடிகாரத் தகராறு. சேபரில் கடிகாரம் கிட்டத்தட்ட அலங்காரப் பொருள். நேரம் தீர்வதற்குள் புள்ளிகள் தீர்ந்துவிடும். எங்கள் நேரத் தகராறெல்லாம் "ஆலே"யிலும் "ஆல்ட்"டிலும் (நிறுத்து) தான்.

"ஆலே" சொல்வதற்கு முன்பே ஒருவர் கிளம்பிவிட்டார் என்றால் நிறுத்திவிட வேண்டும். விதியில் தண்டனை அட்டைக்கும் இடமுண்டு. புள்ளி முடிந்த பிறகு "அவர் முன்னாடியே கிளம்பிட்டார்" என்று ஒருவர் சொல்லி, நாமும் "ஆமாம், எனக்கும் அப்படித்தான் தோன்றியது" என்று சொன்னால் மானம் போய்விடும். தோன்றியபோதே நிறுத்தியிருக்க வேண்டும். இதில் நடுவருக்கும் பங்கு உண்டு. "ப்ரே?" (தயாரா?) என்று கேட்டு "ஆலே" சொல்வதற்கான இடைவெளி ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக இருந்தால், ஊகித்துக் கிளம்புகிறவருக்குச் சூதாட்டம் மாதிரி ஆகிவிடும். என் குரலில் அந்த இடைவெளி ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஒருவர் உடம்பு அசைந்துகொண்டே இருந்தால் "ஆலே"யை விழுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன்.

"ஆல்ட்" விஷயம் இன்னும் எளிது. சொல்வதற்கு முன் தொடங்கிய அசைவு செல்லும், பிறகு தொடங்கியது செல்லாது. நடுவர் "ஆல்ட்"டைத் தாமதித்தால் மிச்சத்துக்கும் வாதம் வரும். பிஸ்டின் பின்கோட்டில் ஒருவர் இரண்டு காலும் வெளியே வைத்துவிட்ட பிறகும் வாயைத் திறக்காத நடுவருக்கு அன்று நிம்மதி இல்லை.

விளக்கே வரவில்லை என்ற புகாருக்கு ஒரே மருந்து, யாரும் எதையும் தொடக் கூடாது என்பது. வயரைப் பிடுங்காதே, வாளை மாற்றாதே, ஜாக்கெட்டை இழுத்துவிடாதே. அப்படியே நில், நான் வந்து சோதிக்கிறேன். நடுவர் சோதிக்கும்முன் வீரரே வயரைக் கழற்றி மாட்டிவிட்டால் பழுது இருந்ததற்கான சாட்சியே போய்விடும். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டாலும் பழைய புள்ளியைத் திரும்ப எடுக்க முடியாது. இதைப் பிள்ளைகளுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தால் நல்லது. தோற்ற பிறகு என்னிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம்.

வீடியோ இருக்கும் போட்டிகளில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தீராது. தனிநபர் நாக்அவுட் ஆட்டத்தில் சர்வதேச விதிப்படி, தோற்றுப்போன முறையீடுகள் இரண்டு வரை அனுமதி. முறையீடு சரியென்று ஆகிவிட்டால் அது கணக்கில் குறையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது எல்லாமே தயக்கமாகத் தெரியும். முழு வேகத்தில் நிற்காமல் ஓடிய கை, மெதுவான ஓட்டத்தில் நடுவில் நின்று யோசிப்பதுபோல இருக்கும். சாதாரண கைபேசி கேமரா விநாடிக்கு 30 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லி விநாடி. 170 மில்லி விநாடிக்குள் ஐந்தே படம். கை முதலில் கிளம்பியதா, கால் முதலில் கிளம்பியதா என்பது இரண்டு படங்களுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளலாம். பெற்றோர் கைபேசியை நீட்டிக்கொண்டு "இதோ பாருங்க சார்" என்று வரும்போது (வருவார்கள்) அதைப் பார்ப்பதே இல்லை. அதிகாரபூர்வமான வீடியோ இல்லாத போட்டியில் ஒரு பக்கத்தார் எடுத்த படத்தைப் பார்ப்பது அடுத்த பக்கத்தாருக்கு நியாயமில்லை.

அதிகாரபூர்வமான வீடியோ பார்க்கும்போது முதல் பார்வை முழு வேகத்தில்தான். பிறகு ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மெதுவாக: கை பின்னால் போனதா? வாள் வாளைத் தொட்டதா? அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தால் முடிவை மாற்றுவேன். கிடைக்காவிட்டால் பிஸ்டில் சொன்னதே நிற்கும். கேள்வியே இல்லாமல் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஐந்தாம் தடவை ஒரு புதிய கதை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

வாதம் செய்கிறவர்களிடம் பேசுவது தனிக் கலை. விதி இங்கே நடுவருக்கு ஒரு கோடு கிழித்துக் கொடுத்திருக்கிறது. நடந்தது என்ன என்ற விஷயத்தில் நடுவரின் கண்ணுக்கு மேல் அப்பீல் கிடையாது. விதியை நடுவர் தவறாகப் பொருத்தினார் என்றால் அதைக் கேட்க வீரருக்கு முழு உரிமை உண்டு. ஒருமுறை ஒரு பயிற்சியாளர் கோபமாக எழுந்து வந்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: "கோச், இடப்பக்கம் வாளைத் தட்டப் போனார், கிடைக்கலை. அதுக்குள்ள வலப்பக்கம் கை நீட்டியாச்சு. நான் பார்த்தது இது. நான் பார்த்ததுக்கு விதி வேற ஏதாவது சொல்லுதுன்னா சொல்லுங்க." அவர் "அவர் தட்டினார், வாள் கிடைச்சுது" என்றார். "அது நான் பார்த்தது இல்லை, கோச்." முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அவருக்குத் திருப்தி இல்லைதான். ஆனால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதாவது இருவருக்கும் தெளிவானது. அடுத்த இடைவேளையில் அவர் தன் பையனிடம் வாளைத் தட்டுவதைச் சிறியதாக வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

விளக்கத்தை ஒரு வாக்கியத்துக்கு மேல் நீட்டாதீர்கள். இரண்டாவது வாக்கியம் வந்தால் அது முதல் வாக்கியத்துக்கு வக்காலத்து வாங்கும். மூன்றாவது வந்தால் பேரம் தொடங்கிவிடும். மரியாதையாகக் கேட்கிறவருக்கு மரியாதையாகப் பதில், அதே கேள்வியை மூன்றாம் தடவை கேட்கிறவருக்கு அட்டை. அட்டையைக் காட்டும்போது குரலை உயர்த்தத் தேவையே இல்லை.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு எனக்குப் பயன்பட்ட பயிற்சி ஒன்று. பெரிய போட்டிகளின் சேபர் ஆட்டங்களை ஓட்டி, திரையில் விளக்கும் புள்ளியும் தெரிகிற பகுதியில் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுங்கள். நடுவர் கை தூக்குவதற்கு முன் நிறுத்துங்கள். நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இடப்பக்கம் தாக்குதல், எட்டவில்லை; வலப்பக்கம் தாக்குதல், பட்டது." வாய்விட்டுச் சொல்வது முக்கியம், மனதுக்குள் சொன்னால் நடுவரின் முடிவைப் பார்த்ததும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனம் ஏமாற்றிவிடும். பிறகு ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். கொஞ்ச நாளில், விளக்கைப் பார்ப்பதற்கு முன்பே வாக்கியம் தலைக்குள் உருவாகத் தொடங்கும். பிஸ்டிலும் அதே வரிசைதான் என்னுடையது: ஆல்ட், மனதுக்குள் வாக்கியம், அப்புறம்தான் பெட்டியை நோக்கி ஒரு பார்வை. விளக்கு என் வாக்கியத்தில் யாருடைய அடி பட்டது, யாருடையது படவில்லை என்பதை மட்டும் நிரப்பும்.

அப்புறம், சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் சுலபம் என்று நினைத்து அங்கே போய்ப் பழகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேர்ந்த வீரர்களின் அசைவு முழுமையாக இருக்கும். தாக்குதல் தாக்குதலாகவும் தடுப்பு தடுப்பாகவும் இருக்கும். பிள்ளைகள் ஆடும்போது பாதித் தாக்குதல், பாதிப் பயம், கண்ணை மூடிக்கொண்டு வாளை ஆட்டுவது எல்லாம் ஒரே அசைவில் கலந்திருக்கும். அங்கே என் விரல்நுனியில் நிற்பது சைமலும் "தீர்மானிக்க முடியவில்லை"யும்தான்.

15 புள்ளி ஆட்டத்தில் வரும் 14-14 பற்றிக் கேட்பார்கள். கடைசிப் புள்ளியில் இருவரும் நடுவில் ஒரேபோல் பாய்ந்து சைமல், மறுபடி சைமல், மறுபடியும் சைமல் என்று போகும். மண்டபம் முழுக்கப் பொறுமை இழக்கும். அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிறது என்று மேசையிலிருந்து பார்ப்பார்கள். இந்த இடத்தில் யாராவது ஒருவருக்குக் கொடுத்து முடித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். முதல் புள்ளியில் எந்த வித்தியாசத்தைச் சமம் என்று சொன்னேனோ, அதே வித்தியாசத்தை 14-14-இலும் சமம் என்றுதான் சொல்கிறேன். பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவது முறையில் வீரர்களில் ஒருவரே அலுத்துப்போய் திட்டத்தை மாற்றுவார்: ஒரு எட்டு பின்வாங்கி எதிராளியை இழுத்துத் தடுப்பார், அல்லது முதல் எட்டைக் குறைத்துக் கையை முன்கூட்டி நீட்டுவார். அப்போது இரண்டு விளக்கும் எரிந்தாலும் யாரும் என்னிடம் வந்து எதுவும் கேட்பதில்லை.